பேங்க் எக்ஸாமும் ஐ.கியூ. பயமும்

வங்கி ஆட்சேர்ப்பு அறிவித்தல் ஒன்று வந்தால் போதும். ஏ.எல். முடித்த பிள்ளைகள் "டீச்சர், ஐ.கியூ.வுக்கு என்ன புத்தகம் வாங்குவது?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பொது அறிவுக்குப் பயமில்லை. கணக்கையும் எப்படியோ சமாளிப்பார்கள். தர்க்க வினா என்றால் மட்டும் "அது மண்டை உள்ளவங்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆசிரியர்களாக நாங்கள் சொல்வது ஒன்றுதான். அந்தப் பகுதி பெரும்பாலும் பரீட்சிப்பது வாசிப்பைத்தான். ஒரு வசனம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு பழைய வகை வினாவைப் பாருங்கள். ஒரு பெண் ஒரு படத்தைக் காட்டி, "இவருடைய தாய், என் தாயின் ஒரே மகள்" என்கிறாள். அவசரக்காரர் "சகோதரியின் பிள்ளை" என்று விடை போடுவார். என் தாய்க்கு ஒரே மகள் என்றால் அது நான்தானே! படத்தில் இருப்பது அவளுடைய சொந்தப் பிள்ளை. இதற்குத் தேவைப்பட்டது "ஒரே" என்ற சொல்லில் ஒரு விநாடி நிற்பது மட்டும்தான்.

அடுத்தது "சில". வீட்டில் "சில பேர் வந்தாங்க" என்றால் மற்றவர்கள் வரவில்லை என்று விளங்கிக்கொள்வோம். தர்க்கத்தில் "சில" என்றால் குறைந்தது ஒருவர், எல்லோருமாகவும் இருக்கலாம். "எல்லா முகாமையாளர்களும் பட்டதாரிகள். சில பட்டதாரிகள் ஆசிரியர்கள். எனவே சில முகாமையாளர்கள் ஆசிரியர்கள்." இந்த முடிவு சரியா? மூன்று வட்டம் கீறிப் பாருங்கள். ஆசிரியர் வட்டம் முகாமையாளர் வட்டத்தைத் தொடாமலே பட்டதாரி வட்டத்துக்குள் இருக்க இடமுண்டு. ஆகவே அந்த முடிவு கட்டாயமாக வராது.

இப்போது பிள்ளைகள் அதிகம் பார்ப்பது இந்திய யூடியூப் வகுப்புகளை. அவை பயனுள்ளவைதான். ஆனால் அங்கே ஐ.பி.பி.எஸ். முதனிலைத் தேர்வில் 20 நிமிடத்தில் 35 தர்க்க வினாக்கள். பிழையான விடைக்குக் கால் புள்ளி வெட்டு. ஒரு வினாவுக்கு சுமார் 34 விநாடிதான். அந்த ஓட்டத்துக்காகச் செய்த குறுக்குவழிகளை அடிப்படை விளங்காமல் பாடமாக்கினால், வினாவைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலும் கை நின்றுவிடும். முதலில் விளங்கிச் செய்யுங்கள். வேகம் பிறகு வரும். உங்கள் பரீட்சையின் நேரத்தையும் புள்ளி முறையையும் அறிவித்தலில் பாருங்கள், வீடியோவில் தேடாதீர்கள்.

தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. உறவுமுறை வினாக்கள் பல ஆங்கிலத்திலிருந்து வருபவை. "அங்கிள்" என்ற ஒரே சொல் வாப்பாவின் சகோதரனையும் குறிக்கும், உம்மாவின் சகோதரனையும் குறிக்கும். அதை "மாமா" என்று பெயர்த்துவிட்டால் எங்கள் பிள்ளை நேரே உம்மாவின் பக்கம் கோடு போடும். வாப்பாவின் தம்பி எங்களுக்குச் சாச்சா அல்லவா? இன்னும் எங்கள் பல வீடுகளில் "தாத்தா" என்றால் மூத்த சகோதரி. இந்தியப் புத்தகத்தில் பாட்டனார். வீட்டுத் தமிழை நம்பி ஒரு பிள்ளை புள்ளி இழப்பது நியாயமில்லை. வினாத்தாள் மொழிபெயர்ப்பவர்கள் "தந்தையின் சகோதரன்", "தாயின் சகோதரன்" என்று தெளிவாக எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. அதுவரை, பிள்ளைகளே, உறவுச் சொல்லைக் கண்டவுடன் கோடு போடாமல் மற்றக் குறிப்புகளையும் பாருங்கள்.

பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை. நாளுக்குப் பத்து வினா, ஒரு கொப்பி. பிழைத்த வினாவுக்குச் சரியான விடையை மட்டும் எழுதாமல் எந்தச் சொல்லில் தவறினோம் என்றும் எழுதுங்கள். டவுன் வகுப்புக்குப் போக வசதியில்லாத நாலு பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடி, ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிச் செய்தாலே பயம் போய்விடும். நாங்களும் பாடசாலையில் வாரத்துக்கு ஒரு பாடவேளையில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஏ.எல். முடிந்த பிறகு பயம் தெளிவிப்பதை விட ஆறாம் வகுப்பில் பழக்குவது லேசு.

கடைசியாக ஒன்று. சூரியன் உதித்துச் சற்று நேரம். ஒருவர் நிற்கிறார், அவருடைய நிழல் அவருக்கு வலப்பக்கம் விழுகிறது. அவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார்? விடையைக் கீழே எழுதுங்கள், காரணத்தோடு.