பளுவும் ஓய்வும்

பண்டைக் கிரேக்க மல்லன் மிலோ கன்றொன்றை நாடோறும் தோளிற் சுமந்து, அது காளையான பின்னும் சுமந்தனன் என்பது கதை. பளு தூக்கத் தொடங்குவோர்க்கு இக்கதை பொருந்தும். சில மாதங்கள் அவர்தம் வலிமை விரைந்து வளரும். பின்னரோ அவ்வளர்ச்சி தளரும். இந்நிலை எய்திய நம் தோழர் பலர், நேற்றினும் இன்று மிகுதியாகத் தூக்காமை இழுக்கென்றெண்ணி, மூட்டு நோவுற்றுப் பயிற்சியையே கைவிடுகின்றனர்.

இடைநிலையினர் நாளை விடுத்து வாரத்தையே அளவாகக் கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து. 100 கிலோவைத் தோளிலேற்றி, முறைக்கு 5 தடவையாக 5 முறை குந்தியெழ வல்லார் திங்களன்று அதனைச் செய்க. புதனன்று 80 கிலோவும், வெள்ளியன்று 90 கிலோவும் போதும். இயலுமாயின் அடுத்த திங்களன்று 2.5 கிலோ கூட்டுக. அமெரிக்கப் பயிற்சியாளர் பில் ஸ்டார் 1976-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலாற் பரவிய கனம், இலகு, நடுத்தரம் என்னும் முறையைத் தழுவியது இது.

பளு தசையைத் தூண்டுகின்றது. அதனை வளர்ப்பன உணவும் உறக்கமும் ஓய்வுமே. ஆயினும் புதனன்று, அயலார் மிகுதி தூக்கக் கண்டும் 80 கிலோவோடு அமைந்து அறை திரும்புதல் எளிதன்று. அவ்வடக்கத்தை யாமும் இன்னும் பயின்றே வருகின்றோம்.