கத்தி கீழே விழுந்தால் விழட்டும்!

போகிக்கு முந்தைய நாள். பரணில் இருந்து இறக்கிய தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறான், கல்லூரியில் படிக்கும் பையன். அடியில் நீளமாக ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள், தாத்தா சவரம் செய்துகொண்ட மடக்குக் கத்தி. 'சோலிங்கன், ஜெர்மனி' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. திறந்து பார்க்கிறான். பளபளப்பு போயிருக்கிறது, கூர்மை போகவில்லை. மூடும்போது, பிடியைச் சுற்றித் தன் விரல்கள் வளைந்திருப்பதை அவன் கவனிக்கவில்லை.

'ஸ்ஸ்...' என்ற சத்தம் கேட்டுப் பாட்டி ஓடி வருகிறார். "கொஞ்சம் காபித்தூள் எடுத்துட்டு வாம்மா. வெச்சு அமுக்கினா நின்னுடும்" என்கிறார் மருமகளிடம். ரத்தமும் நின்றுவிடுகிறது. "சின்னக் கீறல்தான்டா கண்ணு" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.

பத்து நாள் கழித்து, சட்டைக்குப் பொத்தான் போடும்போதுதான் தெரிகிறது. ஆள்காட்டி விரலின் நுனி மடங்கவில்லை!

கற்பனைக் காட்சிதான். ஆனால், கை அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

முகத்தைவிடக் கைக்கே ஆபத்து

சவரக் கத்தி என்றால் கன்னத்தில் வெட்டிவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். ஷேவ் செய்யும்போது கவனம் முழுக்கக் கத்தியில் இருக்கும். கத்தியைத் திறக்கும்போதும், மூடும்போதும், துடைக்கும்போதும், தீட்டும்போதும் அந்தக் கவனம் இருப்பதில்லை. விரல் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பழைய மடக்குக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. ஒரே ஒரு ஆணியின் இறுக்கத்தில்தான் அலகு நிற்கிறது. ஆணி தளர்ந்திருந்தால் கத்தி தானாகவே மடங்கும். மடங்கும் அலகு, பிடியில் இருக்கும் பிளவுக்குள் போய் உட்காரும். அந்தப் பிளவின் மேல் விரல் இருந்தால், முதலில் விரலைத்தான் தொடும்.

அனுபவசாலிகள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். கூர் இல்லாத கழுத்துப் பகுதியின் மேல் மூன்று விரல்கள், அடியில் கட்டைவிரல், வால் போல நீண்டிருக்கும் நுனியில் சுண்டுவிரல். கூர்ப்பக்கம் எந்த விரலும் போகாது. மூடும்போது பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மெதுவாகத் தள்ளுவார்கள்.

தாத்தா கத்தியைப் பயன்படுத்த ஆசைப்படுகிறவர்கள் இந்த ஐந்தையும் மறக்க வேண்டாம்:

* சோப்பு நுரையோடு இருக்கும் கையால் கத்தியை எடுக்காதீர்கள். முதலில் கையைத் துடையுங்கள்.
* அலகை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து இழுத்துத் துடைக்காதீர்கள். துண்டை மேஜையில் விரித்து, அதன்மேல் அலகைப் படுக்கவைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து கூர்ப்பக்கமாகத் துடையுங்கள்.
* தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போகட்டும், கூர் பின்னால் வரட்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டுங்கள். சினிமாவில் வருவது போன்ற வேகம் தேவையே இல்லை.
* கூர் பார்க்கிறேன் என்று விரலை அலகின் மேல் ஓட்டாதீர்கள்.
* கை தவறி விழுந்தால், பிடிக்கப் பாயாதீர்கள். கையை விலக்கி, ஓர் அடி பின்னால் போய்விடுங்கள். கத்தி உடைந்தால் வேறு வாங்கலாம்.

அரை பிளேடு, முழு கவனம்

இன்று சலூன்களில் பெரும்பாலும் பிளேடு மாற்றும் கத்திதான். முழு பிளேடை இரண்டாக உடைத்து, பாதியைச் செருகுகிறார்கள். உடைக்கும்போது பிளேடு தன் காகித உறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெறும் பிளேடை விரலால் வளைத்தால், அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

முடிதிருத்துபவரின் கையில் வெட்டு விழுந்தால், அந்த விரலை மூடாமல் அடுத்தவருக்கு ஷேவ் செய்யக் கூடாது. அது அவருக்கும் ஆபத்து, நாற்காலியில் இருப்பவருக்கும் ஆபத்து. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தக் கறையில்கூட குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். "அண்ணே, புது பிளேடு போட்டுடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பலருக்கும் தேய்க்கும் ஒரே படிகாரக் கட்டியும் வேண்டாம்.

வெட்டிய பிறகு முதல் பத்து நிமிடம்

குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவுங்கள். சுத்தமான துணியை வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். 'நின்னுடுச்சா?' என்று நடுவில் எடுத்துப் பார்த்தால், உறைந்துகொண்டிருக்கும் ரத்தம் மறுபடி பிய்ந்துகொண்டு வரும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல், மேலே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேல் தூக்கியே வைத்திருங்கள். மோதிரம் இருந்தால், வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள்.

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவர் பார்க்க முடியாமல் போகும். கிருமியும் உள்ளே போகும். விரலில் நூலோ ரப்பர் பேண்டோ இறுக்கிக் கட்டுவதும் தவறு. ரத்த ஓட்டமே தடைபட்டுவிடும்.

ரத்தம் நின்றதும் மூன்று சோதனைகள்.

முதலாவது, ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்டிப் பாருங்கள். விரலை மடக்க இரண்டு தசைநார்கள் இருக்கின்றன. ஒன்று நடு மூட்டுக்கு, இன்னொன்று நுனி மூட்டுக்கு. நுனிக்குப் போகும் நார் மட்டும் அறுந்தால், விரல் பாதி மடங்கும். அதைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று ஏமாந்துவிடுவார்கள். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான்.

இரண்டாவது, விரல் நுனியின் இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். விரலின் இருபுறமும் ஒவ்வொரு நரம்பு ஓடுகிறது. ஒரு பக்கம் மரத்திருந்தால், அந்தப் பக்க நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம்.

மூன்றாவது, நுனி வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இதில் ஒன்று சரியில்லை என்றாலும், காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ அப்படியே செய்யுங்கள். சர்க்கரை நோயாளிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தாமதிக்கவே கூடாது.

அறுந்த தசைநாரைச் சில நாட்களுக்குள் தைத்துவிட்டால் விரல் பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யும். வாரங்கள் தள்ளிப்போனால், அறுந்த நுனி உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போய்விடும். பிறகு வேறு இடத்திலிருந்து நார் எடுத்து ஒட்ட வேண்டிவரலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

துருவைப் பார்த்து டெட்டனஸ் ஊசியை முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கிருமி இருப்பது மண்ணிலும் தூசியிலும். கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். காயம் ஆழமாகவோ அழுக்காகவோ இருந்தால், 5 ஆண்டு கடந்திருந்தாலே போட வேண்டும்.

குப்பைக்குப் போகும் பிளேடு

பழைய பிளேடைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டால், அடுத்து வெட்டுப்படுவது தூய்மைப் பணியாளரின் கை. ஒரு தகர டப்பாவின் மூடியில் சிறு கீறல் போட்டு, உண்டியல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பியதும் டேப் சுற்றி மூடி, 'பிளேடு' என்று மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள்.

அந்தத் தகரப் பெட்டிக் கத்தியை என்ன செய்யலாம்? தாத்தாவின் நினைவு, தூக்கிப் போட மனசு வராது. மடக்கி, டேப் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அடுத்த போகிக்கு அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.