பந்தலில் மோர், கடைக்குள் தாகம்

சித்திரை பிறந்துவிட்டால் நமது சங்கத்தின் சார்பில் தண்ணீர்ப் பந்தல் திறப்பதும், பானைகளில் வெட்டிவேர் போட்டுக் குளிர்ந்த நீர் வைப்பதும், பகல் பதினோரு மணிக்கு மேல் நீர்மோர் வழங்குவதும் காலங்காலமாக நடந்து வருகிற நல்ல காரியம். முகம் தெரியாத வழிப்போக்கருக்குத் தாகம் தீர்க்கிற நாம், நம் கடைக்குள்ளேயே காலை முதல் இரவு வரை உழைக்கிற பெண்கள் எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? நாமும் கேட்டதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டே இதை எழுதுகிறோம்.

நமது கிட்டங்கியில் வத்தல் காம்பு கிள்ளவும், பருப்புப் புடைக்கவும் ஆறு பெண்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் பதினொரு ஆண்டுகளாக இருப்பவர். சென்ற ஆண்டு பங்குனியில் அவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. வெயில் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் இடுப்பு வலி பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரில் கிருமி தொற்றி அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். எட்டு நாள் படுக்கை.

பார்க்கப் போன நம் வீட்டாரிடம், "கிட்டங்கியிலேதான் கேன் தண்ணீர் வைத்திருக்கிறோமே, குடித்தால் என்ன?" என்று கேட்கச் சொல்லியிருந்தோம். அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதில் இது: "தண்ணி குடிச்சா ஒதுங்கணும்ல தாயி. அங்க எங்க ஒதுங்க?"

கிட்டங்கியில் கழிவறை இல்லாமல் இல்லை. ஆனால் அதில் பாதி இடத்தைக் காலிச் சாக்குகள் அடைத்திருந்தன. உள் தாழ்ப்பாள் கழன்று எத்தனை நாளோ ஆகிவிட்டது. சாவி கணக்குப்பிள்ளையின் மேஜையில். லோடு இறக்குகிற பத்து ஆண்களுக்கு நடுவே போய் ஒரு பெண் அந்தச் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். யார் கேட்பார்கள்? காலை எட்டு மணிக்கு வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி மாலை ஏழு மணிக்கு வீட்டில்தான். இது பதினொரு ஆண்டு வழக்கம். மாதத்தின் அந்த நாட்களில் அவர்கள் பட்ட பாட்டை நம் வீட்டார் சொல்லக் கேட்டபோது தலை நிமிரவில்லை.

ஆண்களுக்கும் தாகம் உண்டு, நோய் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் பெண்ணின் உடலமைப்பு வேறு. மூத்திரப்பையிலிருந்து வெளிவரும் குழாய் ஆணுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். ஆகவே கிருமி சுலபமாக மேலே ஏறுகிறது. அடிக்கடி நீர் பிரிந்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். அடக்கி வைத்தால் உள்ளேயே பெருகும். அடிக்கடி இந்தத் தொற்று வருகிற, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இன்னும் அதிகம் தேவை. (இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் குடிக்க வேண்டும்.)

கூலிக்கு வரும் பெண்களைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைக்க வேண்டாம். சிறு மளிகைக்கடைகளில் காலை ஆறு மணிக்கே கல்லாவில் உட்காருபவர் யார்? நம் மனைவி, நம் மருமகள். கூட்டத்தை விட்டு எழுந்திருக்க முடியாது என்று ஐந்து டீயைக் குடித்துப் பகலை ஓட்டுகிறார்கள். தண்ணீர்ச் செம்பு அப்படியே இருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் கழிவறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். பி. விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' அமைப்பின் மூலம் போராடினார். கழிவறையில் தொடங்கி, உட்கார இருக்கை கேட்பதில் வந்து நின்று, 2018-இல் அங்கே சட்டமே திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கைக்கான பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டம் வந்து சொன்ன பிறகுதான் நாற்காலி போட்டோம் என்பது வணிகர்களுக்குப் பெருமையா என்று தெரியவில்லை.

நாம் என்ன செய்தோம் என்றால், சாக்குகளை அப்புறப்படுத்தி, தாழ்ப்பாள், விளக்கு, வாளி, மூடியுள்ள குப்பைக் கூடை வைத்தோம். செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு லோடு வத்தலில் ஈரம் என்று எதிர்ப்பார்ட்டி கழிக்கிற தொகைதான். அப்படியும் முதல் வாரம் ஒருவரும் போகவில்லை! கதவு லோடு இறக்கும் பக்கம் பார்த்திருக்கிறது என்று நம் வீட்டார்தான் கண்டு சொன்னார். நடுவே ஒரு தட்டி மறைப்பு வைத்து, சாவியைப் பெண்கள் உட்காரும் பக்கம் ஆணியில் மாட்டிய பிறகே நடமாட்டம் வந்தது. இப்போது கேன் வாரத்துக்கு இரண்டு கூடுதலாக ஆகிறது.

எட்டுக்குப் பத்தடி கடையில் கழிவறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். பழைய கடைவீதியில் சுவரோடு சுவராக இருக்கிற கடைகளுக்கு வழி இல்லை. ஆனால் நம் சங்கக் கட்டடத்தில் இரண்டு கழிவறைகள் இருக்கின்றன. கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் திறக்கின்றன. ஒன்றைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை திறந்து வைத்து, சுத்தம் செய்ய நியாயமான சம்பளத்தில் ஆள் போட்டு, செலவைக் கடைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தாவோடு சேர்த்துக்கொள்ளலாம். மாதச் சாமான் வாங்கக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்களுக்கும் அது உதவும். "வெளியாட்கள் வந்து அசுத்தம் செய்வார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். மோர்ப் பந்தலுக்கு வருகிறவர்களும் வெளியாட்கள்தானே?

அடுத்த பொதுக்குழுவுக்கு இதைத் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். சாவி யார் பொறுப்பில் இருப்பது என்பதைக் கட்டடக் கமிட்டியார் முடிவு செய்ய வேண்டும். வாட்ச்மேனிடம் வேண்டாம், பெண்கள் கேட்டு வாங்கும்படி இருக்கவே கூடாது என்று அதில் அடிக்கோடிட்டிருக்கிறோம்.