பலகையில் எழுதியது யாருக்காக?

உத்திரமேரூர்! அந்தப் பெயரை உச்சரித்தாலே வரலாற்று ஏடுகள் தாமே புரளும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், குடவோலை முறையின் விதிகளைக் கல்லிலே பொறித்து வைத்த ஊர். 30 குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பணிக்கொரு வாரியம், ஓலையிலே பெயர், குடத்திலே ஓலை! 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பெருமை கொண்டாடினார். கொண்டாடட்டும், நமக்கும் பெருமைதான்.

ஆனால் தோழர்களே, அந்தக் கல்வெட்டைக் கடைசி வரை படித்தவர்கள் இரண்டு செய்திகளை மறக்கமாட்டார்கள். ஒன்று, குடத்திலே பெயர் விழ நிலம் வேண்டும், சொந்த மனையிலே வீடு வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். உழுதவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அந்தக் குடத்திலே ஓலை இல்லை! மற்றொன்று, குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுத்தவன் ஒரு சிறுவன். கள்ளமறியாத பிள்ளையின் கையைத்தான் அவை நம்பியது. எடுத்தவன் பிள்ளை, வாங்கி வாசித்தவனோ மத்தியஸ்தன்.

அன்று பிள்ளை எடுத்தான், பெரியவர் வாசித்தார். இன்று அதே மண்ணிலே, உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் கையிலே புத்தகத்தைக் கொடுத்து, ‘நீயே வாசி’ என்கிறோம். நெடும்போராட்டத்தால் வந்த மாற்றம் இது. ஆனால் வாசிக்க அந்தப் பிள்ளைக்குக் கண் தெரிகிறதா? கேட்டோமா நாம்?

கடைசி வரிசையிலே ஒரு சிறுமி. தாய் களையெடுக்கப் போயிருக்கிறாள்; தந்தை கல்லுடைக்கப் போயிருக்கிறான். ஆசிரியர் பலகையிலே எழுதுவது அவளுக்கு வெறும் வெண்புகை. அவள் முறையிடமாட்டாள். ஏனெனில், உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கிறது என்று எண்ணியிருக்கிறாள். தெளிவைக் கண்டறியாதவள், மங்கலைக் குறை சொல்வது எங்ஙனம்? பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதினால், திருடி எழுதுகிறாள் என்ற பழி. எழுதாதிருந்தால், மக்கு என்ற பட்டம்! அவள் அறிவிலே குறையில்லை. விழிக்கோளம் சற்றே நீண்டுவிட்டது. ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. கிட்டப்பார்வை என்பார்கள் மருத்துவர்கள். அதற்கு அறுவை வேண்டாம், ஊசி வேண்டாம். இரண்டு வில்லை போதும். வில்லை இல்லை, ஆகவே கல்வி இல்லை என்பதைவிடக் கொடிய அநீதி வேறுண்டோ?

கண்டுபிடிப்பதும் கடினமன்று. ஆறு மீட்டர் தொலைவிலே ஓர் எழுத்து அட்டை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியரே இதைச் செய்துவிடலாம். தடுமாறும் பிள்ளையைக் கண் பரிசோதகரிடம் அனுப்ப வேண்டும். அவர் அளவு குறித்துக் கண்ணாடிக்கு எழுதுவார். ஒருமுறை செய்தால் போதாது, ஆண்டுதோறும் செய்ய வேண்டும். பிள்ளை வளர, கண்ணும் வளர்கிறது, அளவும் மாறுகிறது. ஒரு கண் மட்டும் மங்கிய பிள்ளையை இளவயதிலேயே கண்டறியாவிட்டால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கவே பழகிவிடும். பிறகு கண்ணாடி வந்தாலும் முழுப் பார்வை வருவது அரிது.

பார்வையிழப்பைத் தடுக்க 1976-ல் தேசியத் திட்டம் தொடங்கியது இந்திய அரசு. 2009-ல் கலைஞர் ஆட்சி ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தின் மூலம் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து விலையின்றிக் கண்ணாடி வழங்கியது. ‘இலவசமா?’ என்று இகழ்ச்சிச் சிரிப்பு சிரிப்பவர்கள் உண்டு. 1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கினார். பசித்த வயிற்றிலே பாடம் ஏறாதென்பதை நாடு ஒப்புக்கொண்டது. மங்கிய கண்ணிலே மட்டும் பாடம் ஏறிவிடுமா? மேற்குச் சீனத்தில் 252 பள்ளிகளில் ஆய்வு நடத்தி, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். விலையின்றிக் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. பிச்சையா இது? விதைநெல்!

உலகிலே பார்வைக் குறையுள்ளோர் குறைந்தது 220 கோடிப் பேர். அவர்களில் 100 கோடிப் பேருடைய குறையேனும் தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்று 2019-ல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. கவனிப்பாரற்ற அந்தக் கூட்டத்திலே நம் ஊர்ப் பிள்ளையும் நிற்க விடலாமா?

இனி நம்மை நோக்கி ஒரு சொல். அதே சீன ஆய்விலே, கண்ணாடி பெற்ற பிள்ளைகளில் பாதிப்பேர்கூட அதை அணிந்திருக்கவில்லை என்பதும் தெரிந்தது. நம் ஊர் நிலை அறியாததா? ‘சோடாபுட்டி’ என்ற ஒரு கேலிச் சொல் போதும், கண்ணாடி பெட்டிக்குள் போய்விடும். பெண்பிள்ளையானால், ‘நாளை எவன் கட்டுவான்?’ என்ற பாட்டியின் கவலை போதும், பரண்மேல் ஏறிவிடும். அரசு கண்ணாடி தரலாம். கேலியை உடைக்க ஆணை பிறப்பிக்க முடியாது. அந்த வேலை நம்முடையது!

பெரியார் அணிந்தார் கண்ணாடி; அம்பேத்கர் அணிந்தார் கண்ணாடி; கலைஞரின் கறுப்புக் கண்ணாடியை அறியாத தமிழன் இல்லை. கண்ணாடி குறையின் சின்னமன்று, படிக்கத் துணிந்தவரின் கருவி என்று தெருமுனைதோறும் சொல்லுங்கள். கல்வியைக் கண்ணென்றார் வள்ளுவர். அந்தக் கண்ணைத் திறக்க இந்தக் கண் வேண்டும் என்று தாய்மாரிடம் சொல்லுங்கள்.

சொன்னால் மட்டும் போதாது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இந்த ஆண்டு கண் பரிசோதனை வந்ததா என்று தலைமையாசிரியரிடம் பணிவோடு கேளுங்கள். வரவில்லையெனில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனு எழுதுங்கள். கிராம சபையிலே தீர்மானம் கொண்டுவாருங்கள். வந்ததெனில், குறித்துக்கொடுத்த கண்ணாடி எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை, மூன்று மாதம் கழித்தும் பிள்ளைகளின் முகத்தில் இருப்பது எத்தனை என்று எண்ணுங்கள். உடைந்துபோனதா? ஊரார் சேர்ந்து மாற்றிக் கொடுங்கள். கொடி ஏற்றுவது மட்டுமா கிளைக் கழகத்தின் பணி? கொடியின் நிறத்தை அந்தச் சிறுமி தொலைவிலிருந்தே தெளிவாகக் காணும்படி செய்வதும் நம் பணிதான்!