பித்தளைக் குடமும் பெருமைப் பேச்சும்

பேராதனையிலிருந்து கொழும்பு வீதிவழியே பிலிமத்தலாவையை அடைவோர், கடைகள்தோறும் பித்தளை விளக்குகளும் குடங்களும் மின்னக் காண்பர். அக்குடங்களை முன்வைத்து இன்று நம் மேடைகளிலே ஒரு பெருமை பேசப்படுகிறது: “இலத்திரன் நுணுக்குக்காட்டி இன்று காட்டுவதை எம் முன்னோர் அன்றே கண்டனர்!” சான்றாக, செப்புப் பரப்பில் சிதைந்து கிடக்கும் பற்றீரியாவின் படமொன்று உயர்த்திக் காட்டப்படும். இப்பேச்சு அறிவுக்கு அணியன்று, தடையே.

செம்பு நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதை யாம் மறுக்கவில்லை. பித்தளையிலிருந்து கசியும் செப்பு அயன்கள் நுண்ணுயிரின் மென்சவ்வைச் சிதைக்கின்றன. பிரித்தானிய நுண்ணுயிரியலாளர் ரொப் ரீட், இந்திய ஆய்வாளர் இருவருடன் இணைந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பித்தளைப் பாத்திரத்து நீரில் ஈ.கோலி பற்றீரியா 48 மணி நேரத்தில் கண்டறிய இயலாத அளவுக்கு அருகிற்று.

ஆயின் படம் எதனை நிறுவும்? பரப்பினை ஆராயும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைக்குமுன், வழமையாக மாதிரியை இரசாயனத்தால் நிலைப்படுத்தி, உலர்த்தி, பொன்படலம் பூசுவர். பின்னர் வெற்றிடத்தில் வைப்பர். அங்கே உயிருடன் எஞ்சுவது எதுவுமில்லை! சுவர் எவ்வாறு சிதைந்தது என்பதைப் படம் காட்டலாம். எத்தனை உயிர்கள் தப்பின என்பதை வளர்ப்பூடகத்தில் மீள வளர்த்து எண்ணியே அறிதல் வேண்டும். படம் சாட்சி, தீர்ப்பன்று.

முன்னோர் பற்றீரியாவை அறிந்திலர், அதில் இழிவுமில்லை. சமையற் பாத்திரங்களுக்கு ஈயம் பூசி, புளிப்புப் பண்டத்தைப் பித்தளையினின்று காத்தவர்களும் அவர்களே. அவர்களிடமிருந்தது அவதானம்; அதற்கு மேற்பட்டதை அவர்கள்மீது சுமத்துதல் மரியாதையாகாது.

இப்பெருமையால் விளையும் பெருந்தீங்கு வேறொன்று. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே, ஓடைநீரையும் ஊற்றுநீரையும் நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் உள. அவர்களிடம் சென்று “செப்புக்குடத்தில் ஊற்றிக் குடியுங்கள்” என்போர், 48 மணி நேரம் காத்திருக்கும் தாகம் எங்கேனும் உண்டோவெனச் சிந்தித்ததுண்டா? நாட்கூலியில் பித்தளைக்குடம் வாங்குதல் எளிதோ? தூய குழாய்நீர் அவர்களது உரிமை. குடத்தின் புகழ்பாடி அவ்வுரிமையை மறக்கச் செய்வது அறிவியலுமன்று, தமிழ்ப்பற்றுமன்று.

கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என வினவுவோர்க்கு ஒன்று கூறுவோம்: மேடையேறிப் பேசுவோர் பெரும்பாலும் நாமே. விஞ்ஞானபீட நண்பர்கள் பிலிமத்தலாவைக் குடத்தைச் சோதித்து எண்ணிக்கையைத் தரட்டும். அதுவரை நம் நாவைச் சற்றே அடக்குவோம்.