பச்சோந்திக்குப் பூச்சி பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

போன இதழில் ஏழு பேர் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி எழுதிவிட்டார்கள். அதனால் நான் பச்சோந்தி பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

நம் வகுப்புப் பசங்க சிலர் கருவேல வேலியில் இருந்து ஒரு பச்சோந்தியைப் பிடித்து அட்டைப்பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். இது பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் நான் கோள் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். இன்டர்வெல்லில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஈ அடித்துத் தீப்பெட்டியில் சேர்க்கிறார்கள். ஈ செத்துப்போனால் பச்சோந்தி தொடுவதில்லை. அசைகிற பூச்சியைப் பார்த்தால்தான் அதற்கு நாக்கை நீட்டவே தோன்றும். அதனால் இப்போது என்னிடம் வந்து, "உங்க வீட்டுல பட்டுப்புழு இருக்கே, தினமும் பத்து கொண்டு வா" என்று கேட்கிறார்கள். நான் தரமாட்டேன் என்றதும் கஞ்சப்பிசினாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பத்துப் புழு போனால் எங்களுக்கு ஒன்றும் நட்டமில்லை. 100 முட்டைத் தொகுதி வளர்த்தால் புழுமனையில் 40 ஆயிரம் புழுவுக்கு மேல் இருக்கும். எங்க அம்மா எண்ணிக்கொண்டா இருக்கப் போகிறார்? பட்டுப்புழு பச்சோந்திக்கு ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. ஆகும். மெதுவாக ஊரும், தோல் மெல்லிசு, உடம்பில் நீர்ச்சத்து அதிகம். அறிவியல் டீச்சர் எனக்குக் கணினியில் தேடிக் காட்டினார்கள். அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் ஏமன் நாட்டுப் பச்சோந்தியையும் மடகாஸ்கர் பச்சோந்தியையும் வீட்டில் வளர்க்கிறவர்கள் பட்டுப்புழுவைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்களாம். அந்த அளவில் பசங்க யோசனை சரிதான்.

ஆனால் புழு எத்தனை நாளைக்குப் புழுவாக இருக்கும்? முட்டை பொரித்ததில் இருந்து சுமார் 25 நாள். சாக்கி சென்டரில் இளம்புழுவாக வாங்கி வந்தால் எங்கள் வீட்டில் இருப்பது 20 நாளுக்குள்தான். அப்புறம் சந்திரிகையில் ஏறிக் கூடு கட்டிவிடும். அதற்குப் பிறகு மனையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மல்பெரி இலை மறுபடி துளிர்த்து வளர்ந்தால்தான் அடுத்த புழு. நடுவில் வருகிற நாளெல்லாம் பச்சோந்தி என்ன சாப்பிடும்? திரும்பவும் தீப்பெட்டி ஈ தானே!

நன்றாகத் தெரிந்து வளர்க்கிறவர்கள் ஒரே பூச்சியைப் போடுவதில்லையாம். சுவர்க்கோழி, கரப்பானில் சில வகை, வெட்டுக்கிளி, பட்டுப்புழு என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பூச்சி பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. போடுவதற்கு ஒரு நாள் முன்னாடியே பூச்சிக்குக் கீரை, கேரட் எல்லாம் வயிறு நிறையத் தின்னக் கொடுக்கிறார்கள். பட்டினி கிடக்கிற பூச்சி வெறும் தோலும் காலும்தான், அதில் சத்து இல்லை. இது எனக்கு உடனே புரிந்தது. இலை வாடலாக இருந்தால் கூடும் நோஞ்சானாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் தினம் பேச்சு நடக்கும். பசங்க பிடிக்கிற ஈ என்ன தின்றுவிட்டு வந்தது என்று நான் இங்கே எழுதவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. சுவர்க்கோழி மாதிரிப் பூச்சிகளில் கால்சியத்தை விட பாஸ்பரஸ் அதிகம். அதை மட்டும் தின்றால் பச்சோந்தியின் எலும்பு மெதுவாகி, கால் வளைந்து, கிளையைப் பிடிக்க முடியாமல் போகும். நாக்கை வீசவும் முடியாது. அதனால் கால்சியம் பொடியைப் பூச்சி மேல் தூவி விடுகிறார்கள். இதைச் சொன்னதும் ஒருவன், "சாக்பீஸ் பொடி தூவுனா போச்சு" என்றான். நம் வகுப்பில் எழுதும் சாக்பீஸ் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். பச்சோந்திக்குத் தூவுவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வேதியியல் பாடத்தில் தூங்கினால் இப்படித்தான்! பொடி மட்டும் போட்டாலும் போதாது. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு நேரடி வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் வராது. அட்டைப்பெட்டிக்குள் எந்த வெயிலும் வராது.

சரி, ஈ வேண்டாம், வயலில் பிடிக்கலாம் என்பார்கள். இதுதான் எனக்குப் பயமான விஷயம். போன வருஷம் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் தக்காளிக்கு மருந்து அடித்தார்கள். காற்று எங்கள் பக்கம் வீசியது. அந்த இலையைத் தின்ற புழு தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டி, பச்சையாகக் கக்கி, சாயங்காலத்துக்குள் தட்டு தட்டாகச் செத்தது. அப்பா குழி வெட்டிப் புதைத்தார். இலையில் பட்ட மருந்து கண்ணுக்குத் தெரியவே இல்லை. அப்படியென்றால் தக்காளி வயலிலும் கத்திரி வயலிலும் பிடிக்கிற வெட்டுக்கிளி மேல் மருந்து இருக்கிறதா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது? ஓட முடியாமல் தள்ளாடுகிற பூச்சிதான் கைக்குச் சுலபமாகச் சிக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக இருக்கும் வெட்டுக்கிளி பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதையும் பிடித்துப் போடாதீர்கள். அதே செடியில் இருக்கும் வரிப்புழுவும் வேண்டாம். இரண்டும் எருக்கம்பாலில் உள்ள விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். மின்மினியும் வேண்டாம். அமெரிக்காவில் வளர்ப்புத் தாடி ஓணான்கள் மின்மினி தின்று செத்ததை 1999-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். வேலியில் இருக்கிற பச்சோந்தி தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுக்கும். பெட்டியில் இருப்பதற்கு நாம் போட்டதுதான் சோறு.

ராத்திரி சுவர்க்கோழியைப் பெட்டியில் விட்டு மூடினால், தின்னாமல் விட்ட சுவர்க்கோழி தூங்கும் பச்சோந்தியைக் கடித்துப் புண்ணாக்கும் என்றும் படித்தேன். கிண்ணத்தில் வைத்த தண்ணீர் அதற்குத் தண்ணீர் என்றே தெரியாது, இலை மேல் உள்ள துளியைத்தான் நக்கும். சிவப்புத் துணி மேல் வைத்து நிறம் மாறுமா என்று பார்ப்பவர்களுக்கும் ஒன்று: அது துணியைப் பார்த்து நிறம் மாற்றுவதில்லை. பயம், கோபம், சூடு, குளிர் இவற்றுக்கு ஏற்றபடிதான் மாறும். உங்கள் கையில் அது கருத்துப்போனால் அது வித்தை காட்டவில்லை, பயந்திருக்கிறது.

பசங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. "வேலியில விட்டா கல்லால அடிச்சுக் கொல்லுறாங்க, நாங்க காப்பாத்தித்தானே வச்சிருக்கோம்?" என்கிறார்கள். கல்லால் அடிப்பது உண்மைதான். விஷம், தொட்டால் ஆகாது என்று பெரியவர்களே சொல்கிறார்கள். பச்சோந்திக்கு விஷமே கிடையாது. கட்சி மாறுகிறவர்களை எல்லாம் பச்சோந்தி என்று திட்டித் திட்டி அதன் மேல் நமக்கு ஒரு வெறுப்பு வந்துவிட்டது, பாவம். ஆனால் கல் எறிகிற கையை நிறுத்துவதை விட்டுவிட்டு, எறிபடுகிறதைப் பிடித்து அடைப்பது எந்த ஊர் நியாயம்? அடிப்பவர்களில் பாதிப் பேர் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். அவர்களிடம் பேச முடியாதா?

உலகத்தில் 200 வகைக்கு மேல் பச்சோந்திகள் இருக்கின்றன, பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும். நம் நாட்டில் இருப்பது ஒரே ஒரு வகை. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதை மிரட்டுவதற்காக எழுதவில்லை. சட்டமே இல்லாவிட்டாலும் நான் புழு தரமாட்டேன்.

இந்த இதழ் சுவரில் இருக்கும்போதே அதைப் பிடித்த அதே வேலியில், காலை வெயில் வந்த பிறகு கொண்டுபோய் விடுங்கள். வேறு மரத்தில் வேண்டாம். காயம் இருந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள், வனத்துறைக்குப் போன் செய்வார்கள். அப்புறம் தினமும் இன்டர்வெல்லில் தள்ளி நின்று அது எந்தப் பூச்சியைப் பிடிக்கிறது என்று பார்த்து எழுதலாம். ஈ அடிக்கிற நேரம்தானே! என்னிடம் 80 பக்க நோட்டு ஒன்று எழுதாமல் இருக்கிறது, அதைத் தருகிறேன்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி