மணலும் முடிவிலியும்

கடல் எல்லையற்றது, மணல் எண்ணற்றது, மீன்வளம் வற்றாதது என்று அடுக்குவது நமது பேச்சிலும் எழுத்திலும் ஊறிப்போன வழக்கு. இது வெறும் அணிநயம், இதனால் தீங்கில்லை என்போர் உளர். அக்கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிகப் பெரியது வேறு, முடிவிலி வேறு. மணல் எண்ணற்றது என்ற நம்பிக்கையை கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் தகர்த்தார். அரிஸ்டார்க்கஸ் கருதிய பேரண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினும், மணிகளின் தொகை 1 இன் பின் 63 பூச்சியங்கள் இட்ட எண்ணை விஞ்சாது எனக் கணித்துக் காட்டினார். அவ்வெண்ணும் முடிவுள்ளதே.

முடிவிலியின் இயல்போ வேறு. எண்ணும் எண்களிலிருந்து ஒற்றை எண்கள் அனைத்தையும் நீக்குக. எஞ்சும் இரட்டை எண்களை 1 உடன் 2, 2 உடன் 4, 3 உடன் 6 என மூல எண்களோடு ஒன்றுக்கொன்றாக இணைத்துவிடலாம். பாதியை எடுத்தும் தொகை குறையவில்லை! மெய்யெண்களையோ இவ்வாறு வரிசைப்படுத்தி எண்ணவே இயலாது என 1874 இல் ஜோர்ஜ் கன்ரர் நிறுவினார். ஆகவே முடிவற்றதெல்லாம் எண்ணற்றதன்று. நாம் எண்ணற்றது என்பதெல்லாம் முடிவற்றதுமன்று.

ஒன்பதாம் நூற்றாண்டின் அரபு மெய்யியலாளர் அல்-கிந்தி, முடிவற்ற பொருளொன்றிலிருந்து ஒரு பகுதியை நீக்கின் முரண்பாடு எழுமென்றும், ஆதலால் எப்பருப்பொருளும் முடிவற்றதாக இருத்தல் இயலாதென்றும் வாதித்தார். கன்ரருக்குப் பின் எண்ணுலகில் அது முரண்பாடன்று. ஆயினும் கரையில் கிடக்கும் மணலைப் பொறுத்தவரை அல்-கிந்தியின் முடிவே நிலைக்கிறது. எடுத்தால் அது குறையும்.

ஒலுவில் இதற்குச் சான்று. 2008 இல் கட்டத் தொடங்கிய துறைமுகம் 2013 இல் திறந்துவைக்கப்பட்டது. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. அலைதடுப்பு அணைகள் அதனை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது; துறைமுக வாயிலும் தூர்ந்தது. வடக்கே வரவின்றிச் செலவு மட்டும் தொடர்ந்தமையால் கரை அரிக்கப்பட்டது, தென்னைகள் சாய்ந்தன, நிலம் கடலுக்குள் போயிற்று. மணல் முடிவற்றதாயின் மறித்தாலும் வடகரை குறைந்திராது. குறைந்ததே அதற்குக் கணக்குண்டு என்பதற்கு அத்தாட்சி.

உவமையொன்றா துறைமுகத்தைக் கட்டியது என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால், அரிப்பைக் 'கடலின் சீற்றம்' என்று கூறி அமைதியடையும் மனத்தை வளர்ப்பது அவ்வுவமையே. எல்லையற்ற ஒன்றோடு யார் வழக்காடுவது? முடிவற்றதற்குக் கணக்கில்லை, கணக்கில்லாத இடத்தில் பொறுப்புக்கூறுவாரும் இல்லை. கரையிழந்த மீனவனும் காணியிழந்த விவசாயியும் கேட்பது கவிநயத்தை அன்று. எவ்வளவு மணல் வந்தது, எவ்வளவு தடைப்பட்டது, யார் ஈடுசெய்வது என்ற விடையையே.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்பதும் இதே ஒலுவில் மண்ணில்தான். முடிவிலியைக் கரும்பலகையில் கற்கும் மாணவர், அதனைக் கரைமணலுக்குக் கடன் கொடுத்தல் ஆகாது. எல்லையின்மை இறைவனுக்கும் எண்களுக்கும் உரியதாகுக. மணலை அளப்போம்.